ஈயம் கடைசியில்: வளைவில் அடங்காத ஸ்லாட் காரைச் சரிசெய்யும் முறை

வீட்டில் செய்த ஸ்லாட் கார் வளைவில் நிற்காமல் தெறித்து விழுந்தால், இந்தக் கடற்கரையில் எவருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம் ஈயம்தான். வலையில் கோக்கும் ஈயக்குண்டு தொண்டியிலிருந்து பாம்பன் வரை வலைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் தகடாகிவிடும். பசை தடவிக் காரின் அடியில் ஒட்டினால் கார் கொஞ்சம் அடங்கியதுபோலவும் தெரியும். பிறகு வேறொரு வளைவில் அதே கார் கவிழும். உடனே இன்னொரு குண்டு. இப்படியே போய், 80 கிராமில் ஓடவேண்டிய கார் 120 கிராமாகி, மோட்டார் சூடேறி, டயர் தேய்ந்து, குறை மட்டும் அசையாமல் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே இந்த வழிகாட்டியில் ஈயம் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன் டிராக், கைடு, டயர், ஆக்சில் (சக்கர அச்சு), சேசிஸ் (அடிச்சட்டம்), பாடி (மேற்கூடு) என்ற வரிசையில் பார்க்க வேண்டும். வரிசையைத் தாண்ட வேண்டாம். முன்னால் இருக்கும் குறை பின்னால் இருப்பதன் வேடத்தில் வந்து ஏமாற்றும்.

முற்றிலும் புதியவர்களுக்குச் சில வார்த்தைகள். ஸ்லாட் கார் என்பது பலகையில் எடுத்த காடி (நீளமான ஒடுங்கிய பள்ளம்) வழியே ஓடும் சிறிய மின்சாரக் கார். காடியின் இருபுறமும் செம்புப் பட்டை ஓடும். காரின் மூக்குக்கு அடியில் இருக்கும் கைடு என்ற நாக்கு காடிக்குள் இறங்கியிருக்கும். கைடின் இரு பக்கமும் உள்ள செம்புப் பின்னல் பட்டையைத் தொட்டு, 12 வோல்ட் மின்சாரத்தை மோட்டாருக்குக் கொண்டுபோகும். கையிலிருக்கும் கன்ட்ரோலரால் வேகத்தை மட்டுமே மாற்றலாம். திருப்புவது காடியின் வேலை.

இங்கிலாந்தில் ஃப்ரெட் ஃபிரான்சிஸ் 1957-ல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற ஸ்லாட் கார் விளையாட்டைக் கொண்டுவந்தபோது முதலில் வந்த தகரக் கார்கள் மாசெராட்டி 250எஃப், ஃபெராரி 375 ஆகிய இரண்டும். அதே ஆண்டில்தான் அர்ஜென்டினாவின் பந்தய வீரர் ஃபாஞ்சியோ அசல் 250எஃப் காரை ஓட்டி ஐந்தாவது உலகப் பட்டத்தை வென்றார். பழைய பாணிக் கார் செய்கிறவர்களுக்கு இன்றும் அந்தக் காலத்து உருவங்கள்மேல்தான் கண்: ஒடுங்கிய உடல், உயரமான சக்கரம், மெல்லிய டயர். இப்போது பெட்டியில் வரும் பொம்மைக் கார்கள் பலவற்றில் அடியில் ஒரு காந்தம் இருந்து டிராக்கோடு சேர்த்து இழுத்துப் பிடிக்கும். நாம் செய்யும் காரில் அது கிடையாது. டயரும் எடையும் கொடுக்கும் பிடிமானம்தான் எல்லாம். அதனால் அரை மில்லிமீட்டர் கோணல்கூட ஓட்டத்தில் தெரிந்துவிடும். இந்தப் பொழுதுபோக்கின் ருசியே அதில்தான் என்பது என் கட்சி. இனி வரும் அளவுகள் எல்லாம் 1/32 அளவுக் காருக்கானவை, அதாவது அசல் காரின் நீளத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு.

எப்படி விழுகிறது?

ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன் கன்ட்ரோலரை வேறொருவர் கையில் கொடுங்கள். நீங்கள் வளைவின் ஓரத்தில், கண் டிராக் மட்டத்துக்கு வரும்படி குனிந்து உட்காருங்கள். கைப்பேசியில் மெதுவோட்டமாகப் படம் எடுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. வளைவில் நுழையும்போதே மூக்கு காடியை விட்டு நேராகப் போய்விட்டால் கோளாறு கைடில் அல்லது முன்சக்கரத்தில். மூக்கு காடியிலேயே இருக்க, வால் வெளியே வீசி கார் சுழன்றுவிட்டால் பின் டயர். வால் வீசாமல் உள்பக்கச் சக்கரங்கள் தூக்கிக் கார் உருண்டால், பிடிமானம் போதும், எடைதான் உயரத்தில் இருக்கிறது. பின்பக்கம் தத்தித் தத்திக் குதித்தால் டயரின் வட்டம் சரியில்லை, அல்லது ஆக்சில் ஆடுகிறது. வளைவிலிருந்து வெளியேறி வேகமெடுக்கும் நேரத்தில் மூக்கு மேலே எழும்பினால், அந்த ஒன்றுக்கு மட்டும்தான் எடை நேரடி மருந்து.

இடது வளைவில் ஒழுங்காகப் போய் வலது வளைவில் மட்டும் விழுகிற கார் உண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் கைடு வயர் அல்லது முறுக்கிய சேசிஸ். இரண்டும் கீழே வருகின்றன.

டிராக்கைத் துடைத்துவிட்டுப் பேசுங்கள்

நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் இரும்புக்கு ஓயாமல் வண்ணம் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கைவிரல் அகலம்கூட இல்லாத செம்புப் பட்டை என்ன பாடுபடும்? சில நாள் ஓட்டாமல் விட்டாலே மேலே மங்கிய படலம், ஓரங்களில் பச்சை. கார் விட்டு விட்டு ஓடினால் வளைவில் சீராக வேகம் கொடுக்கவே முடியாது. பார்ப்பவருக்குக் கார் அடங்கவில்லை என்று தோன்றும்.

பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் அழிக்கும் ரப்பரால் பட்டையை நீளவாக்கில் தேயுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பருத்தித் துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பட்டை மெல்லியது. எண்ணெயும் வேண்டாம், அது டயருக்குப் போய்ச் சேரும். ஆடி மாதக் கச்சான் காற்றில் மூடிய அறைக்குள்கூட நுண்மணல் வந்து படிகிறது. அந்த நாட்களில் ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் துடைத்தே ஆக வேண்டும். காடிக்குள்ளும் மணல் தங்கும். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எம்டிஎஃப் பலகையில் (மரநாரை அழுத்திச் செய்தது) டிராக் செய்திருந்தால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காடியின் ஓரம் உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். 3 மி.மீ. அகலக் காடி ஓரிடத்தில் ஒடுங்கினால் கைடு அங்கே இறுகித் தெறிக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் தண்ணீர் தாங்கும் பிளைவுட்டில் செய்து, காடியின் உள்பக்கத்துக்கும் வண்ணம் அடித்துவிடுவது உத்தமம்.

மின்சாரம் ஏறும் இடத்திலிருந்து தூரத்து வளைவில் கார் சோர்ந்தால், ஒருவர் காரை அங்கே பிடித்தபடி மோட்டாரை ஓடவிட, மற்றவர் மல்டிமீட்டரால் பட்டையை அளக்கட்டும். 1 வோல்ட்டுக்குமேல் குறைந்தால் அந்த இடத்துக்குத் தனி வயர் இழுத்துக் கொடுங்கள்.

கண்ணாடியும் கைடும்

கண்ணாடிக் கடையில் 8 மி.மீ. கனத்தில் மிச்சத் துண்டுகள் இரண்டை, ஓரம் மழுக்கி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் 4 மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டுங்கள். அசையாத, வளையாத ஒரு துண்டு டிராக் தயார். இதைவிடப் பயனுள்ள கருவி இந்த வேலையில் இல்லை. கையில் தூக்கிப் பிடித்துக் கண்ணால் அளக்கிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

காரைக் கண்ணாடிமேல் வைத்து, கைடை இடைவெளிக்குள் இறக்குங்கள். பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். கைடின் தட்டையான பகுதி கண்ணாடியோடு படிந்திருக்க வேண்டும். பின்னல் அடியில் மடிந்து தடித்திருந்தால் கைடு காடியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் மேலே நிற்கும். வளைவில் கார் சற்றே சாய்ந்தாலும் நாக்கு வெளியே வந்துவிடும். பின்னலை விரலால் நீவி, நுனியை மட்டும் லேசாகக் கீழ்நோக்கி வளைத்துவிடுங்கள். பட்டையைத் தடவினால் போதும், காரைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது. உப்பேறிக் கறுத்த பின்னலைச் சுத்தம் செய்ய முயல வேண்டாம். மாற்றிவிடுங்கள்.

அடுத்து முன்சக்கரங்கள். அவை கண்ணாடியைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். முன் டயருக்குக் கீழே ஒரு காகிதத் துண்டைச் செருகினால் சற்றே உரசிக்கொண்டு நழுவ வேண்டும். பழைய பாணிக் காரில் உயரமான முன்சக்கரம் அழகுதான். ஆனால் அது கைடைத் தூக்கிவிட்டால் அந்த அழகோடு கார் அலமாரியில்தான் இருக்கும். கைடின் தண்டில் மெல்லிய வாஷர் சேர்த்துக் கைடை இறக்குங்கள், அல்லது முன் டயரை உப்புத்தாளில் தேய்த்துக் குறையுங்கள். முன் டயருக்குப் பிடிமானமே வேண்டாம், சும்மா உருண்டால் போதும். அதன்மேல் நிறமற்ற நகப்பூச்சு ஒரு கை பூசிவிட்டால் வழவழப்பாகி, வளைவில் மூக்கைத் தள்ளாது.

இப்போது புதியவர்கள் யாரும் கவனிக்காத ஒன்று. கீழக்கரைத் தம்பி ஒருவர் கொண்டுவந்த 250எஃப் காரின் அடியில் ஏற்கெனவே ஐந்தாறு ஈயத் தகடுகள் ஒட்டியிருந்தன. “இன்னும் இரண்டு வைக்கட்டுமா, காக்கா (அண்ணா)?” என்றார். காரைக் கவிழ்த்துப் பிடித்து, கைடை விரல் நுனியால் வலப்பக்கம் திருப்பி விட்டேன். அது அங்கே நிற்காமல் சட்டென்று நடுவுக்கு வந்து, அதையும் தாண்டி இடப்பக்கம் போய் நின்றது. மோட்டாரிலிருந்து கைடுக்கு வரும் இரண்டு வயர்களும் வீட்டு ஒயரிங் வயர். உள்ளே கெட்டியான செம்பு, மேலே தடித்த பிளாஸ்டிக். அதுவே ஸ்பிரிங்போல் வேலை செய்து ஒவ்வொரு வலது வளைவிலும் நாக்கை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. நுண்ணிய இழைகள் கொண்ட மெத்தென்ற சிலிக்கோன் வயரை மாற்றி, இரண்டையும் ஒரே நீளமாக, சிறு வளைவு விட்டுப் பற்றவைத்ததும் கைடு விட்ட இடத்தில் நின்றது. ஈயத்தை எல்லாம் உரித்த பிறகும் கார் வலது வளைவில் ஓடியது.

உங்கள் காரிலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கைடு இரு பக்கமும் தாராளமாகத் திரும்ப வேண்டும், தானாகத் திரும்பி வரக் கூடாது. தண்டு செங்குத்தாக இருக்கிறதா என்பதையும் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். கைடை இயன்றவரை மூக்கின் நுனிக்குக் கொண்டுபோவது நல்லது. பின் ஆக்சிலுக்கும் கைடுக்கும் இடையே தூரம் கூடக் கூட வால் வீச்சு நிதானமாகும், ஓட்டுபவருக்குச் சுதாரிக்க நேரம் கிடைக்கும்.

1960-களின் பாணியில் கீல் வைத்த கை ஒன்றில் கைடைப் பொருத்தியிருந்தால், அந்தக் கை டிராக் மட்டத்துக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர் அளவு தொங்கினால் போதும். டிராக்கின் பள்ளங்களில் கைடு இறங்கித் தொடர்வதற்குத்தான் அது. மிகக் கீழே தொங்கினால் காடியில் இடித்துக்கொள்ளும்.

டயர்

கார் அடங்காததற்கு டயரே காரணமாக இருப்பதுதான் அதிகம். வெயிலில் கிடந்த ரப்பர் கண்ணாடிபோல் பளபளத்துக் கெட்டிப்படும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மீள வேண்டும். மீளாத டயருக்கு எந்தத் திரவமும் உயிர் கொடுக்காது. பெட்ரோல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பவர்கள் உண்டு. அன்று பிடிக்கும், நாளடைவில் ரப்பர் உப்பி வட்டம் கெட்டுவிடும்.

சிலிக்கோன் டயர் சுத்தமான வண்ண டிராக்கில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் தூசி படிந்தால் அடுத்த சுற்றிலேயே வழுக்கும். மணல் பறக்கும் ஊரில் அது சங்கடம். யூரித்தேன் டயர் சற்றுப் பொறுத்துப்போகும். எதைப் போட்டாலும் ஒரு டிராக்கில் ஒரே வகை டயர்தான் ஓட வேண்டும். சிலிக்கோன் விட்ட பிசுக்கில் ரப்பர் நழுவும். ஓட்டத்துக்கு நடுவே ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தில் பின் டயர்களை உருட்டி எடுங்கள், தூசி வந்துவிடும்.

வட்டம் எடுப்பது இப்படி. முதலில் டயரை ரிம்மோடு பசையிட்டு ஒட்டி, ஒரு இரவு காய விடுங்கள். ஒட்டாத டயர் வேகத்தில் விரிந்து ரிம்மின்மேல் நழுவும், அதற்கு வட்டம் எடுத்துப் பயனில்லை. கண்ணாடித் துண்டில் 120 எண் உப்புத்தாளை ஒட்டுங்கள். மோட்டாருக்கு 4 அல்லது 5 வோல்ட் கொடுத்துப் பின்சக்கரங்களைச் சுழலவிட்டு, உப்புத்தாளின்மேல் பட்டும் படாமலும் இறக்குங்கள். அழுத்தினால் ரப்பர் உருகிப் பிசுபிசுக்கும். முதலில் சரக் சரக்கென்று விட்டு விட்டுச் சத்தம் வரும். அது ஒரே சீரான சத்தமாகும்போது இரண்டு டயரும் வட்டமாகிவிட்டன என்று பொருள். பிறகு 400 எண் தாளில் ஒரு முறை. வெளிப்பக்க ஓரத்தைக் கொஞ்சம் மழுக்கிவிடுங்கள். கூர்மையான ஓரம் வளைவில் கடித்துக் காரை உருட்டிவிடும். மூக்கை மூடிக்கொள்ளுங்கள், ரப்பர் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கடைசியில் வெர்னியரால் அளந்து இரண்டு டயரும் ஒரே விட்டமா என்று பாருங்கள்.

1950-களின் கார் என்றால் 6 முதல் 8 மி.மீ. அகல டயர்தான் உருவத்துக்குப் பொருந்தும். பிடிமானம் போதவில்லை என்று அகல டயர் போட்டால் அது வேறு காலத்துக் காராகிவிடும்.

ஆக்சில், கியர், மோட்டார்

இது சீக்கிரம் முடியும் வேலை. ஆக்சிலைக் கண்ணாடியில் உருட்டுங்கள். தத்தினால் வளைந்திருக்கிறது, நிமிர்த்த முயலாமல் மாற்றுங்கள். பக்கவாட்டு ஆட்டம் அரை மில்லிமீட்டருக்குமேல் இருந்தால் இடையில் வாஷர் போடுங்கள். மேலும் கீழும் ஆடினால் ஆக்சிலைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்துவிட்டது. நீளவாக்கில் மோட்டார் வைத்த காருக்கு மோட்டார் தண்டில் 9 பல் பினியன், ஆக்சிலில் 27 பல் கிரவுன் கியர் என்ற 3:1 விகிதம் நல்ல தொடக்கம். பற்களுக்கு நடுவே மெல்லிய காகிதம் ஒன்று நுழைந்து வரும் இடைவெளி போதும்.

பொம்மைக் கடையில் கிடைக்கும் 130 அளவு மோட்டார் பெரும்பாலும் 3 வோல்ட்டுக்குச் சுற்றியது. அதை 12 வோல்ட்டில் போட்டால் கார் வெறிபிடித்து ஓடும், சிறிது நேரத்தில் புகைந்துவிடும். அதே அளவில் 12 வோல்ட்டுக்குச் சுற்றிய மோட்டாரைக் கேட்டு வாங்குங்கள். அடங்காத கார் என்று கொண்டுவரப்படுபவற்றில் சில, மோட்டாரை மாற்றியதும் தாமாகவே அடங்கிவிடுகின்றன.

சேசிஸ்

பித்தளைத் தகடும் ஸ்பிரிங் கம்பியும் வைத்துப் பற்றவைத்த சேசிஸைப் பாடி இல்லாமல் கண்ணாடியில் வையுங்கள். கைடைக் கழற்றிவிட்டு, முன் இடது மூலையையும் பின் வலது மூலையையும் மாறி மாறி விரலால் தட்டுங்கள். டக் டக்கென்று ஆடினால் சேசிஸ் முறுக்கியிருக்கிறது. கையால் எதிர்ப்பக்கம் முறுக்கிச் சரிசெய்தால் சூடு பட்டதும் பழையபடி வந்துவிடும். முறுக்கிய இணைப்பை மறுபடி சூடாக்கி, கண்ணாடிக்குப் பதில் ஒரு தட்டையான ஓட்டின்மேல் அழுத்திப் பிடித்து ஆறவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு.

பற்றவைத்த பிறகு பிளக்ஸை (ஈயப்பற்று பிடிக்கத் தடவும் பொருள்) வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். அமில பிளக்ஸ் மிச்சமிருந்தால் உப்புக் காற்றோடு சேர்ந்து கம்பியைத் தின்னத் தொடங்கும். ஒரு மழைக்காலம் போதும். வெளியே துருவே தெரியாமல் இணைப்பு உள்ளுக்குள் விட்டுப்போன சேசிஸ், நேர்ப்பாதையில் ஓடும், வளைவில் மட்டும் நெளியும். சந்தேகமான இணைப்புகளைக் குறடால் பிடித்து அசைத்துப் பாருங்கள். சேசிஸின் அடி, டிராக்கிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. உயரத்தில் இருக்கட்டும்.

பாடி

மண்டபம், ராமேசுவரம் பக்கம் ஃபைபர் வள்ளம் பழுது பார்க்கும் இடங்களில் ரெசினும் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) கிடைக்கும் என்பதால் நம் ஊரில் கார் பாடியும் ஃபைபரில்தான் பிறக்கிறது. வசதிதான். ஆனால் வள்ளத்துக்குப் போடும், சதுர மீட்டருக்கு 300 கிராம், 450 கிராம் எடையுள்ள மேட் கடலை எதிர்த்து நிற்க வேண்டிய பொருள். அதைச் சாண் நீளம்கூட இல்லாத காருக்குப் போட்டால் பாடியே 40 கிராம் வந்து, எடை எல்லாம் உச்சியில் ஏறிவிடும். கார் உருளாமல் என்ன செய்யும்? மேற்பூச்சுக்கு வைத்திருக்கும் மெல்லிய ஃபைபர் டிஷ்யூவைக் கேட்டு வாங்கி இரண்டு அடுக்குப் போடுங்கள். ஏற்கெனவே செய்த பாடியை உள்பக்கமாக உப்புத்தாளால் தேய்த்து, எதிரே விளக்கு வைத்தால் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்கலாம். முகமூடி அவசியம். ஓட்டுநர் பொம்மையும் முழு உருவமாக வேண்டாம், தலையும் தோளும் போதும்.

பாடியைச் சேசிஸோடு இறுக்கித் திருகாதீர்கள். திருகை முழுக்க இறுக்கிவிட்டு அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். பாடி லேசாகக் கடகடக்க வேண்டும். டிராக்கின் அதிர்வு அந்த ஆட்டத்தில் அடங்கிவிடும். பின் டயர் தத்தும் கார் இந்த அரைச் சுற்றில் அமைதியாவதும் உண்டு.

கடைசியாக ஈயம்

இவ்வளவும் பார்த்த பிறகும் மூக்கு எழும்பினாலோ கார் உருண்டாலோ இப்போது ஈயத்தை எடுக்கலாம். முதலில் நகை எடை போடும் சிறிய தராசில் முழுக் காரையும் எடை பாருங்கள். அடுத்துப் பின்சக்கரங்களைத் தராசிலும், முன்பக்கத்தை அதே உயரக் கட்டையிலும் வைத்து எடை பாருங்கள். மொத்தத்தில் 55 முதல் 60 சதவீதம் பின்னால் இருந்தால் தொடங்க நல்ல நிலை. மூக்கு எழும்பினால் கைடுக்குச் சற்றுப் பின்னால் 2 கிராம். உருண்டால் சேசிஸின் இரு ஓரங்களிலும், தகட்டின் மட்டத்துக்கு மேலே வராதபடி, பக்கத்துக்கு 2 கிராம். பின் ஆக்சிலுக்கு அப்பால் எடை வைக்கவே வேண்டாம். அது வாலை இழுத்துச் சுழற்றும். முதலில் பசை போடாமல் இருபக்கப் பசை நாடாவில் ஒட்டி ஓட்டிப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். மாற்றம் செய்ததும் அதே காடியில், அதே ஆள், அதே கன்ட்ரோலரில் பத்துச் சுற்று ஓட்டி, நேரத்தை நோட்டில் எழுதிவையுங்கள். டயரையும் எடையையும் ஒன்றாக மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

ஈயத்தைத் தட்டிய கையோடு தேநீர் குடிக்க வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் அடுப்பில் உருக்கி வார்க்கும் யோசனை அறவே கூடாது. வார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று: தகடாகத் தட்டிய குண்டே போதுமானது. அதைச் சிறுபிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கார் சரியாகிவிட்டால் அதைக் காப்பாற்றுவதும் இந்த ஊரில் ஒரு வேலை. ஸ்பிரிங் கம்பியில் துணியால் ஒரு துளி இயந்திர எண்ணெய் தடவி நன்றாகத் துடைத்துவிடுங்கள். மூடி இறுகிய டப்பாவில், பின் டயர் தரையில் படாதபடி சேசிஸுக்கு அடியில் கட்டை கொடுத்து வையுங்கள். எடையைத் தாங்கியபடி கிடக்கும் டயர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். மருந்து, செருப்பு டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டை உள்ளே போடுங்கள். அதற்குப் பதிலாக அரிசி போட்டு வைக்காதீர்கள், மாவுத் தூசி டயரில்தான் ஒட்டும்.